அரை மில்லிமீட்டர் எல்லை

இரைப்பைச் சுவரின் தடிமன் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான். அதற்குள் நான்கு அடுக்குகள் உண்டு. உணவைத் தொட்டுக்கொண்டிருப்பது சளிப்படலம். அதன் அடியில் இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் தளர்வான சளியடிப் படலம். அதற்கும் கீழே உணவைக் கடையும் தசைப்படலம். வெளியே எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை. இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் முதல் அடுக்கில்தான் தொடங்குகிறது. அங்கேயே நிற்கும் வரை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்ற அளவில் இருக்கிறது. சளியடிப் படலத்துக்குள் இறங்கிவிட்டால் அது நூற்றுக்கு இருபதை நெருங்குகிறது. அந்தப் படலத்திலும் முதல் 500 மைக்ரோமீட்டர், அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறங்கிய கட்டி ஒரு வகை, அதைத் தாண்டியது வேறு வகை. வாய் வழியாகக் குழாயை விட்டுக் கட்டியை எடுத்துவிடலாமா, வயிற்றைத் திறந்து இரைப்பையையே வெட்ட வேண்டுமா என்பதை முடிவு செய்வதில் இந்த அரை மில்லிமீட்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

வாய் வழியாக இரைப்பைக்குள் பார்க்கும் முயற்சி 150 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1868-இல் ஜெர்மனியின் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைக்குள் நேரான குழாயைச் செலுத்திப் பார்த்தார். 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயை உருவாக்கினார். ஜப்பானில் 1950-இல் தட்சுரோ உஜியும் ஒலிம்பஸ் நிறுவனத்தாரும் குழாயின் நுனியில் சின்னஞ்சிறு கேமராவைப் பொருத்தினார்கள். படம் எடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் தெரியாது. பிலிமைக் கழுவிய பிறகே தெரியும். உண்மையான திருப்பம் கண்ணாடி இழையால் வந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக் கட்டு வழியாகப் படத்தை வளைத்துக் கொண்டுசெல்ல முடியும் என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் முழுவதும் வளையும் கருவியைச் செய்து, நோயாளிக்குச் செலுத்துவதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். இன்றைய எண்டோஸ்கோப்பில் இழைக்கு வேலை இல்லை. நுனியில் மின்னணு கேமரா இருக்கிறது. குழாய் சுமார் ஒரு மீட்டர் நீளம், சுண்டுவிரல் தடிமன். அதற்குள் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வழி ஓடுகிறது. கத்தி, கிளிப், ஊசி எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இரைப்பையில் தட்டுப்படும் புடைப்புகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. பாலிப்பு எனப்படும் இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. அமிலம் குறைக்கும் மாத்திரையை நீண்ட காலம் விழுங்குவோரின் இரைப்பை மேற்பகுதியில் சிறு குமிழ்கள் போலத் தோன்றுபவை அவற்றில் ஒரு வகை. பெரும்பாலும் அவற்றைத் தொடத் தேவையில்லை. அடினோமா என்ற வகை அப்படியல்ல. அது புற்றுநோயாக மாறக்கூடியது, எடுத்துவிட வேண்டும். ஆரம்பநிலைப் புற்றுநோய் பல நேரங்களில் புடைப்பாகக்கூட இருக்காது. சற்றே சிவந்த திட்டு, ஒரு நகத்தளவு பள்ளம், மடிப்புகள் திடீரென முடியும் இடம், இவ்வளவுதான். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் அது படாது. அதனால் முதலில் சளியையும் நுரையையும் கழுவி, நீல நிற இண்டிகோ கார்மைன் சாயத்தைத் தெளிக்கிறார்கள். பள்ளங்களில் சாயம் தேங்கி, மேடு பள்ளம் தெளிவாகிறது. 415, 540 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சும் முறை இன்னொன்று. இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நுண்குழாய்களின் கோலம் கறுத்துத் தெரிகிறது. கோலம் ஒழுங்கு குலைந்த இடத்தில் எல்லைக்கோடு ஒன்று தென்பட்டால் மருத்துவரின் கை அங்கே நிற்கும்.

கட்டியை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார்கள் என்பதில் ஊரின் இருப்பிடமும் சேர்ந்துகொள்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓரத்தில், கர்நாடக எல்லைக்கு அருகே காடுகளுக்கு நடுவில் இருக்கிறது அஞ்செட்டி. தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து பெங்களூரு இன்னும் 40. இந்தப் பக்கத்து மக்கள் பெரிய வைத்தியம் என்றால் பெங்களூரு என்றே நினைப்பது வழக்கம். சென்னை அவர்களுக்குத் தூரம். இந்த இரு நகரங்களிலும் 1982 முதல் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடுகள் இயங்குகின்றன. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையமும் பெங்களூருவில் கித்வாய் நிலையமும் அவற்றை நடத்துகின்றன. இரண்டு பதிவேடுகளிலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. இந்திய அளவில் மிசோரமில்தான் இது மிக அதிகம். ஆனால் பெருநகரங்களில் தெற்கு, வடக்கைவிட முந்தியிருக்கிறது.

காரணம் என்ன என்று கேட்டால் காரமும் களியும் என்று ஊரில் சொல்வார்கள். கேழ்வரகுக் களியின் மேல் பழி போட ஆதாரம் இல்லை. முதன்மைக் காரணி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் அதைக் கண்டெடுத்து வளர்த்தார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994-இல் அதைப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்த்தது. புகைப் பழக்கமும் உப்பில் ஊறிய உணவும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வயிற்றில் இந்தக் கிருமி குடியிருந்தும், புற்றுநோய் ஜப்பான் அளவுக்கு வராதது ஏன் என்பது இன்னும் முழுமையாக விடுபடாத புதிர்.

ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு அறிகுறி இருக்காது. இருந்தாலும் அஜீரணம் போலவே இருக்கும். ஷிப்டு வேலை பார்க்கும் ஓசூர்த் தொழிலாளியோ அஞ்செட்டி மலைக்காட்டு விவசாயியோ அதை ‘கேஸ்’ என்று எடுத்துக்கொண்டு மருந்துக்கடையில் ஒரு பட்டை மாத்திரை வாங்குவது இயல்பு. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிலவகை ஆரம்பப் புற்றுநோயின் மேல் உண்டாகும் புண், அமிலம் குறைக்கும் மாத்திரையால் தற்காலிகமாக ஆறிவிடும். எரிச்சல் நிற்கும், புண் மூடும், அடியில் புற்று வளரும். சில மாதம் கழித்துப் புண் மறுபடி திறக்கும். வலி போனதை வைத்து நோய் போனது என்று முடிவு கட்ட முடியாது. நடுத்தர வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், காரணமில்லாத எடைக் குறைவு, தார் போன்ற கறுப்பு மலம், விடாத வாந்தி, இரத்தசோகை, விழுங்கச் சிரமம், இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டுக் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும்.

தென் கொரியாவில் 40 வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனையை அரசே செய்கிறது. அங்கும் ஜப்பானிலும் பாதிக்கு மேற்பட்ட இரைப்பைப் புற்றுநோய்கள் ஆரம்ப நிலையிலேயே பிடிபடுகின்றன. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கப்படுகின்றன. நாடு தழுவிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் என மூன்று உறுப்புகளே உள்ளன, இரைப்பை இல்லை. அதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. கொரியா அளவுக்கு நோய் இல்லாத நாட்டில் நலமாயிருக்கும் அத்தனை பேருக்கும் எண்டோஸ்கோப்பி செய்வது ஆளுக்கும் காசுக்கும் கட்டுப்படியாகாது. எனவே இங்கே எல்லாமே, அறிகுறியைக் கண்டு அனுப்பி வைக்கும் முதல் மருத்துவரின் கையில் நிற்கிறது.

கட்டி பிடிபட்டால் எடுக்கும் வழிகளில் மிக எளியது, காம்புள்ள பாலிப்பைக் கம்பிச் சுருக்கில் மாட்டி அறுப்பது. சுருக்கை இறுக்கிக்கொண்டே உயர் அதிர்வெண் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காம்பு அறுபடும், இரத்தக் குழாயும் கருகி மூடிக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் நரம்பையும் தசையையும் உலுக்கும். இங்கே பயன்படுவது லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ் என்பதால் வெப்பம் மட்டும் உண்டாகும், ஷாக் அடிக்காது. 1960-களின் இறுதியில் ஜப்பானில் இரைப்பைப் பாலிப்புகளும், 1969 முதல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா கைகளில் பெருங்குடல் பாலிப்புகளும் இப்படி அகற்றப்பட்டன.

காம்பில்லாத தட்டையான கட்டியில் சுருக்கு வழுக்கும். மாட்டினாலும் தசைச் சுவரையும் சேர்த்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடக்கூடும். தீர்வு ஓர் ஊசியில் இருந்தது. சளியடிப் படலத்துக்குள் உப்புநீரைச் செலுத்தினால் சளிப்படலம் கொப்புளம் போல மேலே எழும்பும், தசை கீழே தங்கிவிடும். எழும்பிய பகுதியைப் பிடித்திழுத்து, சுருக்கிட்டு அறுக்கும் முறையை 1984-இல் ஜப்பானில் டாடாவும் குழுவினரும் வெளியிட்டார்கள். அடுத்த பத்தாண்டில் ஹருஹிரோ இனோவே, குழாய் நுனியில் ஒளி ஊடுருவும் தொப்பி ஒன்றை மாட்டி, அதற்குள் கட்டியை உறிஞ்சி அறுக்கும் வகையைச் சேர்த்தார். இவை இ.எம்.ஆர். என்ற பெயரில் வழங்குகின்றன. விரைவானவை, கற்க எளியவை. ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியை ஒரே துண்டாக எடுப்பது இவற்றால் அரிது.

துண்டு துண்டாக எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் வேலை செய்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து பிளாக்காகப் பெயர்த்தால்தான் அதன் நெளிவையும் விரிசலையும் படிக்க முடியும். வெடித்துச் சிதறிய கல் ஜல்லிக்குத்தான் ஆகும். புற்றுநோய்க் கட்டியிலும் ஓரம் சுத்தமாக இருக்கிறதா, எவ்வளவு ஆழம் இறங்கியது என்ற கேள்விகளுக்கு முழுத் துண்டே பதில் சொல்லும். சில்லுகளாக வந்த கட்டியில் எது ஓரம், எது நடு என்று நோயியல் நிபுணரால் சொல்ல இயலாது. அதே இடத்தில் நோய் திரும்புவதும் அதிகம்.

ஆகவே 1990-களில் டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தில் ஹொசோகாவா, யோஷிதா ஆகியோர் ஒரு கத்தியை வடிவமைத்தார்கள். மின்கத்தியின் நுனியில் பீங்கான் உருண்டை ஒன்று. அது மின்சாரத்தைத் தடுக்கும். ஆகையால் கத்தியின் பக்கம் வெட்டும், நுனி குத்தாது. சிறிய யோசனைதான், ஆனால் சளியடிப் படலத்தின் ஊடே கத்தியை ஓட்டும் துணிவை அதுவே கொடுத்தது. இ.எஸ்.டி. எனப்படும் இந்த முறை 2006-இல் ஜப்பானின் காப்பீட்டில் இடம் பெற்றது.

செய்முறை பொறுமையைச் சோதிப்பது. நோயாளி முந்தைய இரவிலிருந்து பட்டினி. அரைமயக்கத்திலோ முழு மயக்க மருந்திலோ இருப்பார். இரைப்பையை விரிக்கக் காற்றுக்குப் பதில் கரியமில வாயு. உடல் அதை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். முதலில் கட்டியின் எல்லைக்கு ஐந்து மில்லிமீட்டர் வெளியே, மருதாணிப் புள்ளி வைப்பது போல மின்முனையால் வட்டமாகச் சுடு புள்ளிகள் இடுகிறார்கள். பிறகு திரவ ஊசி. உப்புநீர் சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால், மூட்டுவலிக்கு முழங்காலில் போடப்படும் ஹையலூரோனேட் போன்ற பிசுபிசுப்பான திரவமும் பயன்படுகிறது. அதில் நீலச்சாயமும் சிறிது அட்ரினலினும் கலந்திருக்கும். சாயம் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று காட்டும்: நீலம் தெரிந்தால் சரியான இடம், வெள்ளைத் தசை தெரிந்தால் எச்சரிக்கை. அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். புள்ளிகளுக்கு வெளியே சுற்றி வெட்டிய பின், தொப்பியால் படலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீல அடுக்கை நூல் நூலாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். தடித்த குழாய் குறுக்கிட்டால் இடுக்கியால் பிடித்துச் சுட்டுவிட்டு அதன் பின்தான் வெட்டு. இரத்தம் வந்த பிறகு தேடுவதைவிட வருமுன் சுடுவதே இந்தக் கலையின் பாதி. வேலை ஒரு மணி நேரத்திலும் முடியலாம், பல மணி நேரமும் இழுக்கலாம். ஒரே துண்டாக எடுப்பதில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வெற்றி கிடைக்கிறது.

படலம் எழும்ப மறுப்பதும் உண்டு. பழைய புண்ணின் தழும்போ, முன்பு யாரோ அரைகுறையாக அறுத்த அடையாளமோ இருந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுக்கத் தகுந்த தட்டையான கட்டி என்று சந்தேகம் வந்தால், சிறிய மையத்தில் பல இடங்களில் பயாப்சிக்குத் துணுக்கு எடுப்பதோ சுருக்குப் போட்டுப் பார்ப்பதோ பின்னால் செய்யப் போகிறவரின் வேலையைக் கெடுத்துவிடும். குறிவைத்து ஒன்றிரண்டு துணுக்குகள் எடுத்து, படங்களோடு அனுப்பிவிடுவதே உத்தமம்.

எடுத்த துண்டு சுருங்குமுன் பலகையில் விரித்து, ஓரமெங்கும் குண்டூசி குத்தி, ஃபார்மலினில் இடுகிறார்கள். பிறகு இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் ஆழத்தை அளக்கிறார்கள். இந்த அளவுகோலுக்கு அடித்தளம் போட்டது, டோக்கியோவின் இரு மருத்துவமனைகளில் அறுவை செய்யப்பட்ட 5,265 ஆரம்பநிலை நோயாளிகளின் நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்து கோட்டோடாவும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. நன்கு முதிர்ந்த உயிரணு வகை, சளிப்படலத்துக்குள் அடக்கம், மூன்று சென்டிமீட்டருக்குள் அளவு, குழாய்களுக்குள் ஊடுருவல் இல்லை என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்ட 1,230 கட்டிகளில் ஒன்றில்கூடக் கணுக்களில் புற்று இல்லை. புண் இல்லாத கட்டிகளில் அளவு எவ்வளவாயினும் 929-இல் ஒன்றும் இல்லை. இந்த எண்களே இரைப்பையை வெட்டாமல் விடலாம் என்ற துணிச்சலைத் தந்தன. இப்படி விரிவாக்கப்பட்ட நிபந்தனைகளுக்குள் வரும் 470 பேருக்கு இ.எஸ்.டி. செய்து தொடர்ந்து பார்த்த ஜப்பானிய ஆய்வொன்றில், ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 97 விழுக்காடு. மாறாக, அறிக்கையில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் என்றோ, நிணநீர்க் குழாய்க்குள் புற்றணு என்றோ வந்தால், எடுத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் கணுக்களோடு சேர்ந்த அறுவைச் சிகிச்சையே பொதுவாக அடுத்த படி. முதுமையும் உடல்நிலையும் குறுக்கே நின்றால் மட்டும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள்.

சிக்கல்களில் முக்கியமானவை இரண்டு. நூற்றுக்கு ஐந்து பேர் அளவில், வீடு திரும்பிய பின்னும்கூட இரத்தம் கசியும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்போருக்கு இது கூடுதல். துளை விழுவது நூற்றுக்குச் சில பேருக்கு. முன்பு துளை என்றாலே அறுவை அரங்கு. இப்போது பெரும்பாலும் அதே குழாய் வழியாக உலோகக் கிளிப்புகளை வரிசையாக மாட்டி மூடிவிடுகிறார்கள். எடுத்த இடம் பெரும் புண்ணாக இருந்தாலும் அமிலம் தடுக்கும் மருந்துடன் சுமார் எட்டு வாரத்தில் ஆறிவிடும். இரைப்பையின் வாயிலருகே பெரிய வட்டமாக எடுத்திருந்தால் சுருங்கிப்போகும். பலூனால் விரிக்க நேரும்.

தசைப்படலத்திலிருந்து முளைக்கும் கட்டிகளின் கதை வேறு. இவற்றில் முதன்மையானது ஜிஸ்ட். குடலின் அசைவுக்குத் தாளம் போடும் காஜல் உயிரணுக்களின் வழியில் பிறப்பது அது. மேலே சளிப்படலம் நலமாக இருப்பதால் சாதாரண பயாப்சி வெறுங்கையோடு திரும்பும். எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்டு பொருத்திப் பார்த்தால்தான் எந்த அடுக்கு என்று புரியும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவாக, அபாயக் குறி இல்லாதிருந்தால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். எடுக்க வேண்டியிருந்தால் படலத்துக்கு அடியில் சுரங்கம் போட்டுக் கட்டியை அகழ்ந்தெடுக்கும் வழி உண்டு. சுவரையே முழுத் தடிமனுக்கு வெட்டி, ஓட்டையைக் கிளிப்பும் நூல் வளையமும் கொண்டு சுருக்குப் பை போல மூடும் முறையும் இருக்கிறது. வெளியிலிருந்து லேப்ராஸ்கோப்பும் உள்ளிருந்து எண்டோஸ்கோப்பும் கைகோக்கும் கூட்டு முறையை 2008-இல் ஜப்பானின் ஹிக்கி குழு வெளியிட்டது. எந்த வழியானாலும் ஜிஸ்டின் உறை கிழியக்கூடாது. கிழிந்தால் வயிற்றுக்குள் விதை தூவியது போலாகிவிடும்.

இந்தியாவில் இ.எஸ்.டி. பெருநகரங்களின் பெரிய மையங்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை. கத்தியின் விலை ஒரு காரணம். கை பழக வழியில்லாதது பெரிய காரணம். பன்றி இரைப்பையில் பயின்று, தேர்ந்தவரின் மேற்பார்வையில் முப்பது நோயாளிகளுக்காவது செய்த பிறகே இரைப்பை வேலையில் கை நிதானப்படும் என்பது பரவலான கணிப்பு. ஆரம்பநிலைக் கட்டிகளே அரிதாகப் பிடிபடும் நாட்டில் அந்த முப்பது பேர் எளிதில் சேர மாட்டார்கள். தாமதமாக வருவதால் கற்பவர் குறைவு, கற்றவர் குறைவாயிருப்பதால் அனுப்புவோரும் குறைவு.

இரைப்பை முழுதாக மிஞ்சுவது இந்த முறையின் பெரிய லாபம். வழக்கம் போலச் சாப்பிடலாம், எடை தேறும். ஆனால் புற்று முளைத்த அதே மண் உள்ளே அப்படியே இருக்கிறது. வேறோர் இடத்தில் புதிய கட்டி வரலாம். ஜப்பானில் 544 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கட்டியை எடுத்தபின் ஹெலிகோபாக்டரை மருந்தால் ஒழித்தவர்களில் 9 பேருக்கும், ஒழிக்காதவர்களில் 24 பேருக்கும் மூன்றாண்டுக்குள் புதிய புற்று வந்தது. கிருமி மருந்தை இரண்டு வாரம் முடித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையால் உறுதி செய்து, ஆண்டுக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்ப்பது நடைமுறை. அந்த ஆண்டுப் பார்வைக்கு இ.எஸ்.டி. கத்தி பழகிய கை தேவையில்லை. தெளிவான எண்டோஸ்கோப்பும் பொறுமையான கண்ணும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனையே போதும். அஞ்செட்டியிலிருந்து எல்லை தாண்டிப் போய்ச் சிகிச்சை பெற்றவருக்கு, கட்டி இருந்த இடம், அளவு, ஆழம், ஓரங்களின் நிலை ஆகியவை எழுதப்பட்ட நோயியல் அறிக்கையும் எடுத்த இடத்தின் படங்களும் கையில் இருந்தால், இந்தப் பக்கத்து மருத்துவர் தழும்பை எங்கே தேட வேண்டும் என்று உடனே கண்டுகொள்வார்.